மருந்தும் கதிரும் சேரும்போது: சிறுவர் மூளைக் கட்டிக்கான சிகிச்சையை எப்படிச் சோதிக்கிறார்கள்?

மாரி விதைப்புக்கு முந்திய கிழமை. விசுவமடுப் பக்கம் இருக்கும் என் பழைய மாணவி ஒருத்தி பின்னேரம் வீட்டுக்கு வந்தாள். அவளுடைய ஏழு வயது மகனுக்கு மூளைத்தண்டில், அதாவது மூளையை முள்ளந்தண்டோடு இணைக்கும் பகுதியில், கட்டி என்று மகரகமப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். கரண்ட் பிடிக்க, அதாவது கதிர்ச் சிகிச்சைக்கு, நாளும் குறித்தாயிற்று. ரொரன்ரோவில் இருக்கும் அவளுடைய சித்தி, கதிரோடு சேர்த்து ஒரு புது மருந்தையும் கொடுத்துப் பார்க்கும் ஆய்வு பற்றி வட்ஸ்அப்பில் எதையோ அனுப்பியிருந்தார். அதைக் காட்டிவிட்டுக் கேட்டாள்:

“சேர், அந்த மருந்து நல்லதெண்டா எல்லாப் பிள்ளையளுக்கும் குடுக்கலாம்தானே? கூடாதெண்டா என்ர பிள்ளைக்கு ஏன் குடுக்கோணும்?”

முப்பது வருடம் விஞ்ஞானம் படிப்பித்திருக்கிறேன். இவ்வளவு சரியான கேள்வியை வகுப்பில் ஒருவரும் என்னிடம் கேட்டதில்லை. ஒரு சிகிச்சையைச் சோதிக்கும் ஆய்வு எல்லாமே இந்தக் கேள்வியின் இரண்டு பாதிகளுக்கும் நடுவில் நிற்கிறது. நல்லது என்று தெரிந்துவிட்டால் ஆய்வு தேவையில்லை. கூடாது என்று தெரிந்துவிட்டால் ஆய்வு செய்ய யாருக்கும் உரிமையில்லை. தெரியாத அந்த இடைவெளியில் மட்டும்தான் அது நடக்கலாம். அன்று அவளுக்குத் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். நான் டொக்டர் இல்லை. உங்கள் பிள்ளைக்கு எது பொருந்தும் என்பதை அவர்களிடம்தான் கேட்கவேண்டும். ஆனால் கேட்பதற்கு முதல் விஷயம் விளங்கியிருக்கவேண்டும்.

முதலில் இந்தக் ‘கரண்ட்’. பெயரைக் கேட்டு மின்சாரம் பாய்ச்சுகிறார்கள் என்று நினைத்துப் பயந்த தாய்மாரைக் கண்டிருக்கிறேன். அது மின்சாரம் இல்லை. முறிந்த கையைப் படம் எடுக்கும் எக்ஸ்ரே இருக்கிறதே, அதன் பலம் மிகக் கூடிய வடிவம்தான். படும்போது சுடாது, நோகாது. தலை அசையாமலிருக்க முகத்தின் வடிவுக்கே வார்த்த ஒரு வலை முகமூடியைப் போட்டுப் படுக்க வைப்பார்கள். அசையாமல் கிடக்கமுடியாத சின்னப் பிள்ளைகளுக்கு மயக்க மருந்து கொடுப்பதும் உண்டு. சில நிமிடத்தில் முடிந்துவிடும்.

கதிரின் அளவைக் ‘கிரே’ என்ற அலகில் சொல்வார்கள். மூளைத்தண்டில் பரந்து வளரும் கட்டிக்கு வழமையான மொத்த அளவு 54 கிரே. அதை ஒரே நாளில் கொடுப்பதில்லை. நாளுக்கு 1.8 கிரே வீதம் 30 நாள். சனி, ஞாயிறு விட்டால் ஆறு கிழமை. வன்னியில் இருந்து போகும் குடும்பத்துக்கு இந்த ஆறு கிழமைதான் பெரிய பாரம். விதைப்பு நேரத்தில் தகப்பன் வயலில், தாய் கொழும்புப் பக்கம் ஒரு அறையில், மற்றப் பிள்ளைகள் அம்மம்மாவோடு. “ஏன் சேர் ரெண்டு நாளில முடிக்கேலாது?” என்று அவளும் கேட்டாள். முடியாது. கதிர் செய்வது, கலத்துக்குள் இருக்கும் டி.என்.ஏ. என்ற நூலை அறுப்பது. நல்ல மூளைக் கலமும் அடிபடும், கட்டிக் கலமும் அடிபடும். ஆனால் நல்ல கலம் அடுத்த நாளைக்குள் அறுந்ததைப் பெரும்பாலும் தைத்துக்கொள்ளும். கட்டிக் கலத்துக்கு அந்தத் தையல் அவ்வளவு சரிவராது. ஒவ்வொரு இரவும் நல்ல கலத்துக்குக் கொடுக்கும் அவகாசம். அதனால்தான் 30 துண்டு.

ஆனால் கட்டிக் கலமும் கொஞ்சம் தைத்துக்கொள்கிறது. மருந்தைச் சேர்க்கும் யோசனை இங்கேதான் பிறக்கிறது. அந்தத் தையலைத் தடுக்கும் மருந்து ஒன்றைக் கூடவே கொடுத்தால், அதே அளவு கதிர் கூடுதலாக வேலை செய்யுமே! இது ஒரு வழி. இன்னொரு வழி, கதிர் படாத இடத்தில் ஒளிந்திருக்கும் கலங்களை மருந்து தேடிப்போய்க் கொல்வது. மூன்றாவது வழியைப் பலர் யோசிப்பதில்லை, எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்: மருந்து பாதி வேலையைப் பார்த்துக்கொண்டால், பிள்ளையின் மூளைக்குக் கொடுக்கும் கதிரைக் குறைக்கலாம். வளரும் மூளையில் படும் கதிர் பிற்காலத்தில் படிப்பையும் நினைவையும் வளர்த்தியையும் பாதிக்கும். மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு முடிந்தவரை கதிரைத் தவிர்ப்பதும், மருந்தைக் கொடுத்துப் பிந்திப்போடுவதும் அதனால்தான்.

சரி, இரண்டும் தனித்தனியே தெரிந்த சிகிச்சைதானே, சேர்த்துக் கொடுத்துவிட்டால் என்ன என்று தோன்றும். நம்முடைய வயலையே பாருங்கள். நெல்லுக்குள் களை வந்தால் தண்ணியை வடித்து, களையின் இலை வெளியே தெரிய மருந்து அடிக்கிறோம். பிறகு இரண்டு மூன்று நாளில் தண்ணி கட்டுகிறோம், புதுக்களை முளைக்காமல் இருக்க. தண்ணி நிற்கும்போதே அடித்தால் மருந்து களையில் படாது. அடித்துப் பத்து நாள் கழித்துத் தண்ணி விட்டால் களை திரும்பவும் தலை தூக்கியிருக்கும். மருந்தைக் கூட்டி அடித்தால் பயிரும் கருகும். மருந்தும் பழசு, தண்ணியும் பழசு. ஆனால் எவ்வளவு, எது முதல், எத்தனை நாள் இடைவெளி என்பதைப் பட்டுத்தான் அறிந்திருக்கிறோம். பிள்ளையின் தலையில் பட்டு அறிய முடியாது. அளந்து, எழுதி, நிறுத்தவேண்டிய இடத்தில் நிறுத்தி அறியவேண்டும்.

பழைய இரண்டைச் சேர்த்தாலும் சேர்ந்தது புதுச் சிகிச்சைதான். இதுவரை நடந்த சோதனைகளும் அதைத்தான் காட்டுகின்றன. மூன்று கதை சொல்கிறேன்.

பெரியவர்களுக்கு வரும் கிளியோபிளாஸ்டோமா என்ற கடும் மூளைக் கட்டிக்கு, கதிரோடு டெமோசோலமைட் என்ற மாத்திரையைச் சேர்த்துப் பார்த்த பெரிய ஆய்வு 2005இல் வெளிவந்தது. 573 பேர். கதிர் மட்டும் பெற்றவர்களில் இரண்டு வருடத்தின் பின் உயிரோடு இருந்தவர்கள் 10.4 சதவீதம், மாத்திரையும் சேர்ந்தவர்களில் 26.5 சதவீதம். உலகமெங்கும் அதுவே வழமையான சிகிச்சையாயிற்று. பெரியவர்களுக்கு உதவியது பிள்ளைகளுக்கும் உதவும் என்று எதிர்பார்ப்பது இயல்புதானே? மூளைத்தண்டுக் கட்டி வந்த 63 பிள்ளைகளுக்கு அமெரிக்காவில் கதிரோடு அதே மாத்திரையைக் கொடுத்தார்கள். 2011இல் முடிவு வந்தது. ஒரு வருடத்தில் நோய் முன்னேறாமல் இருந்த பிள்ளைகள் 14 சதவீதம் மட்டும். பழைய கணக்கைவிட மேலாக எதுவும் கிடைக்கவில்லை. பெரியவரின் கட்டியும் பிள்ளையின் கட்டியும் நுணுக்குக்காட்டிக்குக் கீழே ஒன்றுபோல் தெரிந்தாலும் உள்ளே வேறு என்பது அடுத்த வருடமே தெளிவாகத் தொடங்கியது. பிள்ளைகளின் மூளைத்தண்டுக் கட்டி பெரும்பாலானவற்றில் ஹிஸ்டோன் எச்3 என்ற புரதத்தின் மரபணுவில், கே27எம் என்று பெயரிட்ட ஒரு மாற்றம் இருப்பதை 2012இல் கண்டார்கள். பெரியவர்களின் வழமையான கிளியோபிளாஸ்டோமாவில் அது இல்லை.

இரண்டாவது கதை மெடுல்லோபிளாஸ்டோமா பற்றியது. சிறுமூளையில் வரும் கட்டி இது. பிள்ளைகளுக்கு வரும் கடுமையான மூளைக் கட்டிகளில் அதிகம் காணப்படுவதும் இதுதான். முள்ளந்தண்டு நீர் வழியே பரவக்கூடியது என்பதால் மூளை முழுவதற்கும் முள்ளந்தண்டு முழுவதற்கும் கதிர் கொடுக்கவேண்டும். முன்பு அதற்கு 36 கிரே. சத்திரசிகிச்சையில் கட்டி நன்றாக எடுபட்டு, பரவலும் இல்லாத பிள்ளைகளுக்கு, கீமோ மருந்துகளைச் சேர்த்துக் கதிரை 23.4 கிரேக்குக் குறைத்துப் பார்த்தார்கள். 2006இல் வந்த முடிவின்படி, ஐந்து வருடத்தின் பின் உயிரோடு இருந்த பிள்ளைகள் 86 சதவீதம். இது சின்ன வெற்றி இல்லை. பிறகு, இன்னும் குறைக்கலாமா என்று மூன்றிலிருந்து ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு 18 கிரே கொடுத்து, 23.4 உடன் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். 18 போதவில்லை, நோய் கூடுதலாகத் திரும்பியது. எல்லை எங்கே இருக்கிறது என்று அதனால்தான் இன்று தெரியும். அந்த ஆய்வில் இருந்த பிள்ளைகளை நினைக்கும்போது எனக்கு நெஞ்சு கனக்கும். அவர்களுக்குப் பின் வந்த பிள்ளைகளின் கதிர் அளவு அவர்கள் காட்டிய எல்லையில் நிற்கிறது.

மூன்றாவதுதான் இன்றைய விஷயத்துக்கு மிக நெருக்கமானது. அதே மெடுல்லோபிளாஸ்டோமா, ஆனால் ஆபத்துக் கூடிய வகை. கதிர் கொடுக்கும் நாளெல்லாம், கதிருக்கு முன் கார்போபிளாட்டின் என்ற மருந்தை ஏற்றினால் கதிரின் வேலை கூடுமா? 261 பிள்ளைகளின் முடிவு 2021இல் வந்தது. எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் உறுதியாகச் சொல்லக்கூடிய நன்மை இல்லை. அதோடு விட்டிருந்தால் மருந்தை வீசியிருப்பார்கள். ஆனால் கட்டிகளை மரபணு முறையில் வகை பிரித்துப் பார்த்தபோது, ‘குழு 3’ என்ற வகையில் மட்டும், ஐந்து வருடம் நோய் திரும்பாமல் இருந்த பிள்ளைகள் மருந்தோடு 73.2 சதவீதம், மருந்து இல்லாமல் 53.7 சதவீதம். ஒரே பெயருள்ள கட்டி, ஒரே மருந்து, ஒரே கதிர். ஒரு பகுதிப் பிள்ளைகளுக்குத்தான் பலன். “கட்டியின்ர துண்டை எடுத்து மரபணு பாத்தவையோ?” என்று பெற்றோர் கேட்கவேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான்.

இனி, எப்படிச் சோதிக்கிறார்கள்? முதல் கட்டத்தில் கேட்பது ஒரே ஒரு கேள்வி: பிள்ளையின் உடம்பு எவ்வளவைத் தாங்கும்? மருந்து பெரியவர்களில் ஏற்கெனவே சோதிக்கப்பட்டிருந்தால், அவர்கள் தாங்கிய அளவில் ஏறத்தாழ 80 சதவீதத்தில் பிள்ளைகளுக்குத் தொடங்குவது பொது வழக்கம். அளவை வயதைப் பார்த்து முடிவு செய்வதில்லை. உயரமும் நிறையும் வைத்து உடம்பின் மேற்பரப்பைக் கணக்கிட்டுக் கொடுப்பார்கள். பழைய, எளிய முறை ஒன்று இப்படி: முதலில் மூன்று பிள்ளைகள். ஒருவருக்கும் கடும் பக்கவிளைவு இல்லையென்றால், அடுத்த மூவருக்குக் கொஞ்சம் கூடிய அளவு. ஒருவருக்கு வந்தால் அதே அளவில் இன்னும் மூவர். இருவருக்கு வந்துவிட்டால் அந்த அளவு கூடிப்போயிற்று, கீழே இறங்கவேண்டும். கதிரோடு சேர்த்துச் சோதிக்கும்போது இது மெல்லத்தான் நகரும். ஏனென்றால் கதிர் நடக்கும் ஆறு கிழமையும், முடிந்த பிறகு சில கிழமையும் காத்திருந்து பார்த்துத்தான் அடுத்த பிள்ளைகளைச் சேர்க்கலாம்.

முதல் கட்டத்தில் குணமாக்குவது நோக்கமே இல்லை என்பதைப் பெற்றோருக்கு யாராவது நேராகச் சொல்லவேண்டும். பலன் கிடைக்கலாம், கிடைத்தும் இருக்கிறது. ஆனால் அந்தக் கட்டம் கேட்கும் கேள்வி அது இல்லை. இரண்டாம் கட்டத்தில்தான், தாங்கக்கூடிய அளவு தெரிந்த பிறகு, கட்டி அசைகிறதா என்று பார்ப்பார்கள். மூன்றாம் கட்டத்தில் இரண்டு குழு: வழமையான சிகிச்சை ஒரு பக்கம், புதியது சேர்ந்த சிகிச்சை மறுபக்கம்.

யார் எந்தக் குழு என்பதை டொக்டரும் தீர்மானிக்கக்கூடாது, தாய் தகப்பனும் தீர்மானிக்கக்கூடாது. கோயிலில் திருவுளச்சீட்டுப் போடுவதுபோல விழவேண்டும்; இப்போது அதைக் கணினி செய்கிறது. அவள் இங்கேதான் முகம் சுருங்கினாள். “பிள்ளையின்ர உயிரைச் சீட்டுப் போட்டுப் பாக்கிறதே?” என்று கேட்டாள். அவள் கோபம் நியாயமானது. ஆனால் டொக்டர் தெரிவுசெய்தால் என்ன நடக்கும்? தெம்பான பிள்ளைகளைத் தன்னையறியாமலே புது மருந்துக்கு அனுப்பிவிடுவார். இரணைமடுத் தண்ணி பாயும் வயலில் புது உரத்தையும், வானம் பார்த்த மேட்டுக்காணியில் பழைய உரத்தையும் போட்டுவிட்டுப் புது உரம் நல்லது என்று சொல்வது போலாகிவிடும் அது. இன்னொன்றையும் சொன்னேன்: எந்தச் சீட்டு விழுந்தாலும் கதிர் எல்லோருக்கும் உண்டு. சில ஆய்வுகளில் ஒரு குழுவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை கொடுப்பார்கள். அந்தப் பிள்ளையும் வழமையான சிகிச்சையைக் குறைவில்லாமல் பெறும்.

ஒப்பீடு இல்லாமல் ஏமாந்துபோக மிக இலகுவான நோய் இந்த மூளைத்தண்டுக் கட்டி. கதிர் தொடங்கிச் சில கிழமையில் பெரும்பாலான பிள்ளைகள் தேறுவார்கள். கோணிய வாய் நேராகும், மாறுகண் சரியாகும், விழுந்து விழுந்து நடந்த பிள்ளை ஓடும். வீடே சிரிக்கும். அந்த நேரத்தில் புது மருந்து ஒன்றும் கூடவே போயிருந்தால், எழுப்பியது மருந்துதான் என்று தாய் சத்தியம் பண்ணுவாள், நானாயிருந்தாலும் பண்ணுவேன். ஒரு நுகத்தில் பூட்டிய இரண்டு மாட்டில் வண்டியை இழுத்தது எது என்று வண்டியின் ஓட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்லமுடியுமா? ஆனால் அந்தத் தேற்றம் அநேகமாக மாதக்கணக்கில்தான் நிற்கிறது. கட்டி கண்டுபிடித்த நாளிலிருந்து பாதிப் பிள்ளைகள் ஒரு வருடத்தைத் தாண்டுவதில்லை. நிலவில் முதலில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ரோங்கின் சின்ன மகள் இதே நோயால்தான் 1962 ஜனவரியில் இறந்தாள். அவளுக்கும் கதிர் கொடுத்துத்தான் பார்த்தார்கள். அன்றிலிருந்து இன்றுவரை இந்தக் கட்டிக்கு முதல் சிகிச்சை கதிர்தான்.

இதற்கு எதிர்ப்பக்க ஏமாற்றமும் இருக்கிறது. கதிர் முடிந்து சில மாதத்தில் எடுக்கும் ஸ்கானில் கட்டி பெருத்ததுபோல் தெரியலாம். அது கட்டி வளர்ந்ததாகவும் இருக்கலாம், கதிர் பட்ட இடம் வீங்கியதாகவும் இருக்கலாம். வீக்கமென்றால் நாளடைவில் வற்றும். மருந்து சேரும்போது இந்த வீக்கம் கூடவும் இடமுண்டு. ஒரே ஒரு படத்தைப் பார்த்து மருந்து சரிவரவில்லை என்று நிறுத்திவிட்டால் தவறாகலாம் என்பதால், ஆய்வுகளில் சில கிழமை விட்டு மறுபடி படம் எடுத்து, பிள்ளையின் நடை, பேச்சு, விழுங்குவது எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறார்கள். அறிக்கையில் “பெருத்திருக்கிறது” என்ற சொல்லைக் கண்டவுடன் உடைந்துபோகாமல், “இது வீக்கமாக இருக்குமா?” என்று கேளுங்கள்.

மூளைக்கு மட்டுமுள்ள ஒரு சிக்கலையும் சொல்லவேண்டும். இரத்தத்தில் போகும் எல்லாவற்றையும் மூளை உள்ளே விடாது. அதன் இரத்தக் குழாய்களின் சுவர் அவ்வளவு நெருக்கமாகக் கட்டப்பட்டிருக்கிறது. வேறு புற்றுநோய்களுக்கு நன்றாக வேலை செய்யும் மருந்துகள் பல இந்தச் சுவரில் நின்றுவிடுகின்றன. மூளைத்தண்டில் இந்தச் சுவர் பெரும்பாலும் உடையாமலே இருப்பது நோயின் கொடுமைகளில் ஒன்று.

சித்தி அனுப்பியது எதைப் பற்றி என்று பார்த்தேன். டோர்டாவிப்ரோன் என்ற, வாயால் எடுக்கும் மருந்து. மேலே சொன்ன கே27எம் மாற்றமுள்ள கட்டிகளில் சோதிக்கப்பட்டது. நோய் திரும்பி முன்னேறியவர்களுக்கு அதைக் கொடுக்க 2025 ஓகஸ்ட்டில் அமெரிக்க மருந்து நிர்வாகம் விரைவு அனுமதி கொடுத்தது. அனுமதிக்கு அடிப்படையான 50 பேரில் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியவர்கள் 22 சதவீதம். ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்த நோயில் அதுவே பெரிய செய்தி. ஆனால் புதிதாக நோய் கண்டவர்களுக்குக் கதிர் முடிந்தவுடன் அதைக் கொடுத்தால் ஆயுள் கூடுமா என்பது வேறு கேள்வி. அதற்கென்று சீட்டுப் போட்டு ஒப்பிடும் மூன்றாம் கட்ட ஆய்வு தனியாக வைத்திருக்கிறார்கள். வட்ஸ்அப்பில் வந்த செய்தி இந்த இரண்டையும் ஒன்றாக்கி, “குணமாக்கும் மருந்து வந்துவிட்டது” என்று எழுதியிருந்தது. அப்படி எழுதுகிறவர்கள் ஒரு தாயின் இரவுகளை யோசிப்பதில்லை.

அடுத்து, பிள்ளையின் உரிமை. ஆய்வு எதுவானாலும் நெறிமுறைக் குழு ஒன்று பார்த்து அனுமதித்த பிறகே தொடங்கலாம். பெற்றோர் விளங்கிக் கையெழுத்திடவேண்டும். விளங்குகிற வயதுப் பிள்ளையிடம் அதன் சொந்தச் சம்மதமும் கேட்கப்படவேண்டும். தமிழில் விளக்கம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆங்கிலத் தாளில் ‘இஞ்ச சைன் பண்ணுங்கோ’ என்றால் பேனையைக் கீழே வையுங்கள். கையெழுத்திட்ட பிறகும் எந்த நாளும் விலகலாம். விலகினால் வழமையான சிகிச்சை நிற்காது, யாரும் கோபிக்கவும் கூடாது. இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் இருந்து நடத்தும் மருத்துவ ஆய்வுப் பதிவேடு ஒன்று இணையத்தில் இருக்கிறது. இங்கே நடக்கும் ஆய்வு என்று யாராவது சொன்னால் அதில் தேடிப் பார்க்கலாம். சோதனைக்குரிய மருந்துக்கு முன்பணம் கட்டச் சொன்னால் அங்கேயே நிறுத்தி, உங்கள் டொக்டரிடம் கேளுங்கள்.

அவளுடைய கிளினிக் கொப்பியின் பின்பக்கத்தில் கேள்விகளை எழுதிக் கொடுத்தேன். இது எத்தனையாம் கட்டம்? பிள்ளைக்குக் கிடைக்கும் கதிர் வழமையான அளவா, கூடவா, குறையவா? மருந்து கதிரோடா, கதிருக்குப் பிறகா? கட்டியில் என்ன மரபணு மாற்றம்? கூடுதலாக எத்தனை ஊசி, எத்தனை ஸ்கான், எத்தனை தரம் வந்துபோகவேண்டும்? கடைசிக் கேள்வியை நாம் சொல்லாவிட்டால் யாருக்கும் தோன்றாது: பரந்தனில் பஸ் ஏறி இரவு முழுக்கப் பயணித்து வருகிறவர்கள் என்று அவர்களுக்குத் தெரியவேண்டும்.

வெளிநாட்டு ஆய்வில் சேரப் பணமும் விசாவும் மட்டும் தடை இல்லை, நாளும் ஒரு தடை. சில ஆய்வுகள் கதிர் தொடங்காத பிள்ளைகளை மட்டும் சேர்க்கும். சில, கதிர் முடிந்து குறித்த சில கிழமைக்குள் வரவேண்டும் என்று கேட்கும். ஆகவே கதிர் தொடங்குமுன்னரே டொக்டரிடம் வாய் திறந்து கேட்டுவிடவேண்டும். ஆனால் அந்தப் பதிலுக்காகக் கதிரைத் தள்ளிப்போடக்கூடாது. மூளைத்தண்டுக் கட்டியில் ஒரு கிழமையும் பெரிது. குறித்த நாளில் பிள்ளை அந்த மெசினுக்குக் கீழே படுத்திருக்கவேண்டும். அவளும் அப்படித்தான் செய்தாள். விதைப்பை அண்ணனிடம் விட்டுவிட்டுக் கணவனும் கூடவே போனான்.